என் இடத்தில் உட்கார ஆளில்லாத வாரம்

கோபம் பாதியும் பாசம் பாதியுமாக, என் அத்தைக்கு,

போன மாதம் உங்கள் வருஷத் திதி நடந்தது. வாசலில் பந்தல் போட்டார்கள். தளியிலிருந்து உங்கள் தம்பி வீட்டார் ஒரு வேன் நிறைய வந்தார்கள். கிருஷ்ணகிரியிலிருந்து உங்கள் மகள், நம் சாந்தா அண்ணி, குடும்பத்தோடு வந்தார். பாகலூர் ரோட்டுத் தோட்டத்திலிருந்து வாங்கிவந்த ரோஜா மாலை உங்கள் படத்தை நெற்றிவரை மூடிவிட்டது. வடை, பாயசம், மூன்று வகைக் கறி. நீங்கள் படுத்துக் கிடந்தபோது உங்களை எட்டிப் பார்த்தவர்களை ஒரு கை விரலில் அடக்கிவிடலாம். பந்தியில் உட்கார்ந்த இத்தனை பேரும் அப்போது எங்கே இருந்தார்கள், அத்தை?

சாப்பிட்டுக் கை கழுவின எல்லோருக்கும் ஒரே பேச்சுதான். "புண்ணியவதி. ரொம்ப இழுக்காமப் போய்ச் சேர்ந்துட்டாங்க."

எனக்குச் சுருக்கென்றது. எழுந்து உள்ளே போய்விட்டேன். நீங்கள் எப்படிப் போனீர்கள் என்று இந்த வீட்டில் பேசக்கூடாது. அதனால்தான் உங்களுக்கே எழுதுகிறேன். உங்களிடம் சொன்னால் யாரும் என் வாயை மூடச் சொல்ல முடியாதல்லவா?

நமக்குள் ஆரம்பத்திலிருந்தே ஒட்டுதல் இருந்ததென்று பொய் சொல்ல மாட்டேன். பர்கூரில் கல் அறுக்கும் பட்டறையில் வேலை பார்த்தவரின் மகள் நான். கல்யாணமாகி வந்த புதிதில், "கல்லுப்பட்டறைக்காரன் பொண்ணு, கையும் கல்லாட்டமே இருக்குது" என்று பக்கத்து வீட்டு ஷமீமாவிடம் சொன்னீர்கள். நான் கிண்டிய களி கட்டி தட்டினால் மூன்று நாளைக்கு அதுவே பேச்சு. நானும் சும்மா இருந்ததில்லை. ஒரு வார்த்தைக்கு இரண்டு வார்த்தை பேசியிருக்கிறேன்.

பிறகு அந்தக் காலை. மொட்டை மாடியில் மிளகாய் காயப்போட்டவர் அப்படியே சரிந்தீர்கள். வலது கையும் வலது காலும் போயின. கூடவே தமிழும் போனது. நாற்பது வருஷமாக ஓசூர் மார்க்கெட்டில் தமிழிலேயே பேரம் பேசி, தமிழிலேயே என்னைத் திட்டியவருக்கு, தளிக்கு அப்பால் சின்னப் பெண்ணாக இருந்தபோது பேசிய கன்னடம் மட்டும் மிச்சமிருந்தது. அதிலும் நாலைந்து சொற்கள்தான்.

ஞாபகமிருக்கிறதா? தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்த நர்ஸ் பெண் உங்களுக்குக் கஞ்சி ஊட்டினாள். நீங்கள் "சாகு, சாகு" என்றீர்கள். அவள் பதறிப்போய், "ஏன் பாட்டி சாகணும்னு சொல்லுதீய? நல்லாயிருவீய" என்று அழமாட்டாக் குறையாகச் சொன்னாள். "அது கன்னடம்மா. போதும்னு சொல்றாங்க" என்று உங்கள் பிள்ளை விளக்கியதும் நாங்கள் மூன்று பேரும் சிரித்தோம். நீங்களும் ஒரு பக்கத்து உதட்டால் சிரித்தீர்கள். அந்த வார்டில் சிரித்தது அந்த ஒருமுறைதான்.

ஆஸ்பத்திரியை விட்டுக் கிளம்பும்போது பேச்சுப் பயிற்சி கொடுக்கிற பெண் என்னை உட்காரவைத்துச் சொன்னாள். "உங்க அத்தைக்குத் தொண்டையும் பாதி மரத்துப்போயிருக்கு. தண்ணி மாதிரி இருக்கறது எதுவும் குடுக்காதீங்க. தேன் பதத்துக்குக் கெட்டியா இருக்கணும். நிமிர்த்தி உட்கார வெச்சு, தாடையைக் கீழ குனியச் சொல்லி, சின்ன ஸ்பூன்ல குடுங்க. முழுங்கினாங்களான்னு பார்த்துட்டு அடுத்த ஸ்பூன். சாப்பிட்ட உடனே படுக்க வைக்காதீங்க. இல்லன்னா சாப்பாடு நுரையீரலுக்குப் போயிடும்."

அவள் சொன்னபோது உங்கள் பிள்ளையும் பக்கத்தில்தான் நின்றார். கம்பெனியிலிருந்து போன் வந்தது, வெளியே போய்விட்டார். அவர் வெளியே போனபிறகு அந்தப் பெண் என்னைப் பார்த்துத்தான் பேசினாள். அந்த நிமிஷத்திலேயே அந்த வேலை யாருடையதென்று முடிவாகிவிட்டது. யாரும் முடிவு செய்யவில்லை, ஆனால் முடிவாகிவிட்டது.

மூன்று வருஷம், அத்தை. ராகி மாவைக் கரைத்து, எந்தப் பதத்தில் உங்கள் தொண்டை ஒத்துக்கொள்ளும், எந்தப் பதத்தில் இருமல் வரும் என்று கையே கற்றுக்கொண்டது. காபிக்கு நீங்கள் ஏங்கியது எனக்குத் தெரியும். காலையில் அடுப்பிலிருந்து வாசனை வந்தால் கண்ணால் கேட்பீர்கள். காபியையும் கெட்டியாக்கிக் கொடுத்துப் பார்த்தேன். ஒரு ஸ்பூன் வாங்கிவிட்டு என்னை முறைத்தீர்களே, அந்த முறைப்பு! உங்களைத் திருப்பிப் போட்டு, துடைத்து, முதுகில் புண் வராமல் பவுடர் போட்டு, பாத்ரூமுக்குத் தூக்கிப்போய் வந்தேன். கல்லாட்டம் இருந்த கை அப்போது உங்களுக்கு உறுத்தவில்லை.

இங்கே உங்கள்மேலும் எனக்கு ஒரு வருத்தம் இருக்கிறது. நீங்கள் என்னைத் தவிர வேறு யாரையும் தொட விடவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை உங்கள் பிள்ளை முரளியே கிண்ணத்தை எடுத்துக்கொண்டு உங்கள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். என் வற்புறுத்தலில்தான் வந்தார் என்றாலும், வந்தார். நீங்கள் என்ன செய்தீர்கள்? இடது கையால் கிண்ணத்தைத் தள்ளி, "பேட, பேட" என்று சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டீர்கள். வேண்டாம் என்றால் வேண்டாம். மகன் கையால் வாயில் வாங்குவது உங்களுக்கு அவமானமாக இருந்தது. அவர் தோளைக் குலுக்கிக்கொண்டு, "பார்த்தியா, நீ குடுத்தாத்தான் சாப்பிடுறாங்க" என்று எழுந்துபோனார். அவர் முகத்தில் இருந்த நிம்மதியை நீங்கள் பார்க்கவில்லை. நான் பார்த்தேன்.

"மாமியாருக்கு மருமகள்னா உயிரு" என்று தெருவே மெச்சியது. ஷமீமாகூட, "உங்க அத்தை குடுத்து வெச்சவங்க" என்பாள். அதில் பொய் இல்லை. ஆனால் அந்தப் பிரியம் என்னைக் கட்டிலோடு சேர்த்துக் கட்டிப்போட்டது. தன் தட்டைத் தானே எடுத்து வைக்கப் போன பிள்ளையிடம், "ஆம்பளைக்கு எதுக்குடா இதெல்லாம், வெச்சுட்டுப் போ" என்று சொல்லி வளர்த்ததும் நீங்கள்தானே? இதை உயிரோடு இருந்தபோது உங்கள் முகத்துக்கு நேரே கேட்க எனக்கு மனசு வரவில்லை. இப்போது கேட்கிறேன்.

எனக்கு உதிரப்போக்கு ஆரம்பித்து வெகுநாளாகியிருந்தது. கர்ப்பப்பையில் கட்டி, எடுத்துவிட வேண்டும் என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். "இப்ப முடியாதுங்க, வீட்டுல அத்தை இருக்காங்க" என்று நான் தள்ளிப்போட்டேன். கடைசியில் உங்களைப் பாத்ரூமிலிருந்து தூக்கும்போது எனக்குக் கண் இருட்டியது. விழுந்துவிடாமல் உங்களை அணைத்தபடி சுவரில் சரிந்து அப்படியே ஈரத் தரையில் உட்கார்ந்தேன். நீங்கள் என் மடியில். என் புடவையில் இரத்தத்தைப் பார்த்ததும் உங்கள் இடது கை என் கன்னத்தைத் தட்டியது. "ஹோகு. ஆஸ்பத்ரெகே ஹோகு" என்றீர்கள். போ, ஆஸ்பத்திரிக்குப் போ. நீங்கள் சொன்னபிறகுதான் நாள் குறித்தேன்.

ஒரு மாசம் இருந்தது. அதற்குள் எனக்குப் பதிலாக உங்கள் பக்கத்தில் உட்கார ஒரு ஆளைப் பழக்கிவிட வேண்டும் என்று நினைத்தேன். ஒரே ஒரு ஆள்.

உங்கள் பிள்ளையிடம் முதலில் கேட்டேன். "டெய்லி ஒரு வேளை நீங்க குடுங்க. நான் பக்கத்துல இருக்கேன். அவங்க தள்ளுவாங்க, பரவாயில்லை. நாலு நாள் தள்ளுவாங்க, அஞ்சாம் நாள் வாங்கிக்குவாங்க."

"அப்ப வந்து பார்த்துக்கலாம், சுமதி. இப்பவே என்னாத்துக்கு அவங்களைத் தொந்தரவு பண்றே?"

எனக்கு எங்கிருந்தோ கோபம் வந்தது. "உங்க கம்பெனியில ஒரு ஆபரேட்டர் லீவு போட்டா அன்னிக்குத்தான் புது ஆளைக் கொண்டுவந்து மெஷின்ல நிறுத்துவீங்களா? ஒரு வாரம் முன்னாடியே கூட நிக்க வெச்சுப் பழக்கறோம்னு நீங்கதானே சொல்வீங்க? மெஷினுக்கு இருக்கற மரியாதை உங்கம்மாவுக்கு இல்லியா?"

"அது கம்பெனி. இது வீடு" என்றார். ஷிப்ட் பஸ் வந்துவிட்டது, போய்விட்டார்.

சாந்தா அண்ணியைக் கூப்பிட்டேன். "அண்ணி, நான் ஆஸ்பத்திரில இருக்கறப்ப நீங்கதானே வரப்போறீங்க? அதுக்கோசரம் முன்னாடியே ஒரு ரெண்டு நாள் வந்து தங்குங்க. எப்படி உட்கார வைக்கறது, எப்படிக் குடுக்கறதுன்னு காட்டிடறேன்."

 அண்ணி சொன்னார்: "எங்கம்மாவுக்குச் சோறு ஊட்ட எனக்கு நீ கத்துக்குடுக்கறியா?"

இந்த ஒரு கேள்விக்கு என்ன பதில் சொல்லியிருக்க வேண்டும் என்று இன்றைக்குவரை யோசிக்கிறேன். உங்களுக்கு ஏதாவது தோன்றுகிறதா, அத்தை?

ஒத்திகைபோல ஒருநாள் பார்த்துவிடலாம் என்று, அம்மாவைப் பார்க்க பர்கூர் போவதாகச் சொல்லிவிட்டுக் காலையில் கிளம்பினேன். பஸ்ஸில் போகிற வழியெல்லாம் மனசு அடித்துக்கொண்டது. சாயங்காலம் வந்து பார்த்தால் நீங்கள் நன்றாக இருந்தீர்கள். வாய் துடைத்து, தலைவாரி, ஜம்மென்று. எனக்கு ஆச்சரியம். "பரவாயில்லையே, செஞ்சுட்டீங்களே" என்று உங்கள் பிள்ளையைப் பாராட்டினேன். அவர் செய்தித்தாளைப் புரட்டினார். ராத்திரிச் சாப்பாட்டுக்கு ரசம் கொண்டுவந்த ஷமீமாதான் சிரித்துக்கொண்டே உண்மையைச் சொன்னாள். அவர் காலையிலேயே அவளைக் கூப்பிட்டுவிட்டாராம். இரண்டு வேளையும் அவள்தான் வந்து கொடுத்தாளாம். பக்கத்து வீட்டிலிருந்து தினமும் என்னைப் பார்த்துப் பார்த்துப் பழகியவள்.

"நல்லபடியாத்தானே முடிஞ்சுது?" என்றார் உங்கள் பிள்ளை. நான் வைத்த பரீட்சையில் தேறிவிட்டதாகவே அவர் நினைத்தார்.

அந்த ஷமீமாவும் என் ஆபரேஷன் வாரத்தில் ஊரில் இல்லை. மகள் பிரசவத்துக்கு வாணியம்பாடி போகவேண்டி வந்துவிட்டது.

நான் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிய காலையில் அண்ணி வந்து இறங்கினார். அவசர அவசரமாக ராகி கரைத்துக் காட்டினேன். தலையணையை எங்கே வைக்க வேண்டும், தாடையை எப்படிக் குனிய வைக்க வேண்டும் என்று காட்டினேன். அண்ணி தலையை ஆட்டிக்கொண்டே உங்கள் முடியைக் கோதிக்கொண்டிருந்தார். "எலும்பும் தோலுமா ஆயிட்டியேம்மா" என்று அழுதார். நான் சொன்னதில் ஒரு வார்த்தையும் அவர் காதில் விழவில்லை என்று எனக்குத் தெரிந்தது. ஆட்டோக்காரர் ஹாரன் அடித்தார்.

ஆபரேஷன் முடிந்து எனக்கு நினைவு நன்றாகத் திரும்பியதும் வீட்டுக்குத்தான் போன் போட்டேன். அண்ணி சந்தோஷமாகப் பேசினார். "நீ ஒண்ணியும் கவலைப்படாதே. ரசஞ்சோறு குழைச்சுக் குடுத்தேன், சாப்பிட்டாங்க. காலையில டிகிரி காபி போட்டுக் குடுத்தேன் பாரு, டம்ளரை விடவே மாட்டேன்னுட்டாங்க. மூணு வருஷமா கூழையே குடுத்து அவங்க நாக்கையே கொன்னுட்டே, போ!"

"அண்ணி, காபி வேண்டாம் அண்ணி. இருமுறாங்களா?"

"ரெண்டு இருமல் இருமினாங்க. வயசானவங்க இருமாம என்ன பண்ணுவாங்க?"

உங்கள் பிள்ளைக்குப் போன் போட்டேன். வேலையில் இருக்கிறவரைக்கும் போனை லாக்கரில் வைத்துவிட வேண்டும். எடுக்கவில்லை. மறுபடி அண்ணிக்கே போட்டேன். "வயித்துல தையல் போட்டுக்கிட்டு எதுக்குப் பேசிட்டே இருக்கே? படு" என்று வைத்துவிட்டார். கையில் ட்யூபுடன் படுத்துக்கொண்டு வேறு என்ன செய்ய முடியும், சொல்லுங்கள்?

அண்ணி கெட்டவர் இல்லை. அதுதான் இதில் இருக்கிற கசப்பு. உங்களைப் பட்டினி போட்டிருந்தால் நான் சண்டை போட்டிருப்பேன். அவர் ஆசை ஆசையாகக் கொடுத்தார். நீங்களும் ஆசை ஆசையாகக் குடித்தீர்கள். என்னிடம் கண்ணால் கெஞ்சிக் கெஞ்சிக் கிடைக்காதது மகள் கையில் கிடைத்தது. உங்களை நான் எப்படிக் குறை சொல்வேன்?

மறுநாள் உங்கள் பிள்ளை என்னைப் பார்க்க வந்தபோது, "அம்மாவுக்கு லேசா காய்ச்சல்" என்றார்.

"இருமல்?"

"இருக்குது. மூச்சுல கொஞ்சம் கரகரன்னு சத்தம். அக்கா கற்பூரவல்லிக் கஷாயம் வெச்சுக் குடுத்துட்டு இருக்குது."

கஷாயம்! தண்ணீர்மேல் தண்ணீர். "ஐயோ, இப்பவே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க" என்று நான் போட்ட சத்தத்தில் பக்கத்துக் கட்டில்காரி எழுந்து உட்கார்ந்துவிட்டாள்.

கொண்டுபோனார்கள். நான் டாக்டரம்மாவிடம் கெஞ்சிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு, வயிற்றைத் துணியால் இறுக்கிக் கட்டிக்கொண்டு உங்களைச் சேர்த்திருந்த ஆஸ்பத்திரிக்கு ஆட்டோவில் வந்தேன். ஒவ்வொரு பள்ளத்திலும் உயிர் போய்வந்தது. நான் வந்தபோது உங்களுக்கு நினைவில்லை. முகத்தில் ஆக்ஸிஜன். அண்ணி உங்கள் காலைப் பிடித்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தார்.

டாக்டர் என்னையும் உங்கள் பிள்ளையையும் மட்டும் தனியாகக் கூப்பிட்டார். "சாப்பிட்டது, குடிச்சது நுரையீரல்ல இறங்கியிருக்கு. ரெண்டு பக்கமும். என்ன குடுத்தீங்க?"

உங்கள் பிள்ளை தரையைப் பார்த்தார். நான்தான் சொன்னேன். டாக்டர் அதைச் சீட்டில் எழுதிக்கொண்டார். 

நீங்கள் போய்விட்டீர்கள், அத்தை. நான் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன். அண்ணியின் அழுகை வராந்தா முழுக்கக் கேட்டது. உங்கள் பிள்ளை என் முன்னால் வந்து குனிந்து, "அக்காவுக்குத் தெரிய வேண்டாம், சுமதி. தெரிஞ்சா அவ தாங்கமாட்டா. விட்டுடு" என்றார்.

அதையும் நான்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். உங்களைப் பார்த்துக்கொண்டது போதாதென்று, உங்களை இப்படி அனுப்பி வைத்தவரின் மனசையும் நான்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். வயிற்றில் தையல் பிரியாமல் இருக்கக் கையை அழுத்திக்கொண்டு சரி என்று தலையாட்டினேன்.

துக்கத்துக்கு வந்தவர்கள் என்ன சொன்னார்கள் தெரியுமா? "மூணு வருஷம் பார்த்தவ, இந்த நேரத்துல போய்ப் படுத்துக்கிட்டாளே. ஆபரேஷனைக் கொஞ்சம் தள்ளிப் போட்டிருக்கலாம்." உங்கள் தம்பி மனைவி என் காது கேட்கவே சொன்னார். பழியை என் தலையில் வைத்துக் கட்ட எல்லோரும் பார்த்தார்கள். நான் வாங்கிக்கொள்ளவில்லை, அத்தை. என் உடம்புக்கு வந்தது நோய். அது குற்றமில்லை. இதை எனக்கு நானே பலமுறை சொல்லிக்கொண்டேன், வேறு யாரும் சொல்லாததால்.

அண்ணி மட்டும் ஒன்றைத் திரும்பத் திரும்பச் சொல்வார். "கடைசியா என் கையால காபி குடிச்சுட்டுத்தான் போனாங்க. வயிறு குளிர்ந்து போனாங்க." கேட்டவர்களெல்லாம் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். நான் எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவேன். ஒரு வருஷம் இப்படியே போனது.

திதியன்றும் அதையே சொன்னார். பந்தி முடிந்து பெண்கள் வெற்றிலை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். அண்ணி அத்தோடு நிறுத்தவில்லை. "எங்க மாமனாருக்கும் போன வாரம் பக்கவாதம் வந்துடுச்சு. இன்னிக்கு என் பையனைப் பக்கத்துல விட்டுட்டு வந்திருக்கேன். தண்ணி குடிச்சாலே இருமுறாரு. நான் அம்மாவைப் பார்த்தவளாச்சே, எனக்கென்ன பயம்? அம்மாவுக்குக் குடுத்த மாதிரியே சூடா காபி குடுத்துத் தேத்திடுவேன்" என்றார்.

 அண்ணியின் கையைப் பிடித்து உள்ளறைக்கு இழுத்துப்போனேன். கதவைச் சாத்தினேன்.

"அண்ணி, உங்க மாமனாருக்குக் காபி குடுக்காதீங்க."

"ஏன்?"

"அத்தைக்கு அதான் நுரையீரல்ல இறங்குச்சு. டாக்டர் எங்ககிட்டச் சொன்னாரு."

அண்ணி என்னையே பார்த்தார். "அப்ப நான்தான் எங்கம்மாவைக் கொன்னேன்கிறியா?"

"அப்படிச் சொல்லலை. அவருக்குக் குடுக்காதீங்கன்னு சொல்றேன்."

"ஒரு வருஷமா இதை மனசுல வெச்சுக்கிட்டுத்தான் எனக்குச் சோறு போட்டியா?" என்றார். குரலே மாறிவிட்டது. பையைக்கூட எடுக்காமல் பந்தலைத் தாண்டி ரோட்டுக்குப் போய்விட்டார். அவர் வீட்டுக்காரர் செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு பின்னாலேயே ஓடினார்.

"ஒரு வருஷம் வாயை மூடிட்டு இருந்தவ, இன்னிக்கு ஒரு நாள் இருந்திருக்கக் கூடாதா?" என்று உங்கள் பிள்ளை என்னிடம் கத்தினார்.

"இன்னிக்குச் சாயங்காலம் ஊருக்குப் போய் அவங்க காபி போடுவாங்க. அதான் சொன்னேன்" என்றேன். அவர் என்னுடன் பேசுவதை நிறுத்திவிட்டார். இரண்டு வாரம் ஸ்கூல் போகிற எங்கள் பையன் வழியாகத்தான் பேச்சு. "அம்மாகிட்ட சட்டை எங்கேன்னு கேளு" என்கிற மாதிரி.

அப்புறம் ஒருநாள் அண்ணியின் மகனுடைய எண்ணிலிருந்து போன் வந்தது. எடுத்தால் அண்ணி.

"உன் மூஞ்சியைப் பார்க்க எனக்குப் பிடிக்கலை" என்றார். "ஆனா வந்து சொல்லிக்குடு."

கிருஷ்ணகிரி பஸ்ஸில் ஏறினேன். சூளகிரி தாண்டும்போது திரும்பிவிடலாமா என்றுகூட நினைத்தேன். அந்த வீட்டு வாசலில் யாரும் 'வா' என்று சொல்லவில்லை. உள்ளே, உங்களுக்குக் கொஞ்சமும் பிடிக்காத அந்தச் சம்பந்தி கட்டிலில் கிடந்தார். கல்யாணப் பந்தியில் சாம்பாரில் உப்பில்லை என்று ஊரைக் கூட்டினாரே, அவரேதான். இப்போது வாயோரம் எச்சில் வழிகிறது. துடைக்க அந்தப் பக்கத்துக் கை வரவில்லை.

அண்ணி தன் வீட்டுக்காரரையும் மகனையும் கட்டிலுக்கு இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவராக நிறுத்தியிருந்தார். இருவரும் வேலை பார்க்கிற மாங்கூழ் பேக்டரிக்கு அன்று லீவு போட்டிருந்தார்கள். மகன் செல்போனை எடுத்தான். "அதை வெச்சுட்டுப் பார்டா. ரெண்டு பேரும் பழகணும். நான் ஒருத்தி செய்வேன்னு நினைச்சுக்காதீங்க. நான் விழுந்தா இந்த மனுஷன் என்ன ஆவாரு?" என்று அண்ணி போட்ட அதட்டலில் அவன் போனைச் சட்டைப்பையில் போட்டான்.

பெரியவர் முதலில் முகத்தைச் சுளித்தார். மற்றக் கையால் தட்டிவிட்டார். "தட்டுனா தட்டட்டும். விடாதே" என்றார் அண்ணி. ராகி கரைத்துக் காட்டினேன். நிமிர்த்தி உட்கார வைத்துக் காட்டினேன். அண்ணியின் வீட்டுக்காரர் கொடுத்தார், மகன் கொடுத்தான். ஸ்பூனை அண்ணியிடம் நீட்டினேன். அவர் வாங்கவில்லை. கை இரண்டையும் முந்தானைக்குள் இழுத்துக்கொண்டார். "என் கை வராது. அவங்களுக்குச் சொல்லிக்குடு" என்றார். கடைசிவரை என் முகத்தைப் பார்க்கவில்லை. நான் கிளம்பும்போது அடுப்படியில் பாத்திரம் கழுவுகிற சத்தம் மட்டும் கேட்டது. ரொம்ப நேரமாக ஒரே பாத்திரத்தைக் கழுவுகிற சத்தம்.

திரும்பி வரும்போது எனக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும் இல்லையா? வரவில்லை. பொறாமைதான் வந்தது. உங்களுக்காக ஒரு மாசம் நான் வாசல் வாசலாகக் கேட்டும் கிடைக்காத ஆள், அந்த மனுஷருக்கு இரண்டாகக் கிடைத்துவிட்டது. அதற்கு விலையாக நீங்கள் போக வேண்டியிருந்ததா? பஸ்ஸில் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண், "யாராச்சும் போயிட்டாங்களாக்கா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன்.

உங்கள் பிள்ளை என்னோடு பேச ஆரம்பித்துவிட்டார். இன்னும் தட்டை எடுத்து வைப்பதில்லை. முந்தாநாள் மட்டும், நான் கேட்காமலே, "அக்காவோட மாமனாரு எப்படி இருக்காரு? ஒழுங்கா முழுங்கறாரா?" என்று கேட்டார். கேட்டுவிட்டு முகத்தைத் துண்டால் வெகுநேரம் துடைத்தார். நான் ஆறுதல் சொல்லப் போகவில்லை. அந்த வேலையை இனிமேல் அவரே பார்த்துக்கொள்ளட்டும்.

அத்தை, உங்களுக்கு ஒரு வாக்குக் கொடுத்து முடிக்கிறேன். அண்ணியின் மகன் இன்னும் ஸ்பூனை அவசரமாக நீட்டுகிறான். பெரியவர் விழுங்கும்வரை காத்திருக்க அவனுக்குப் பொறுமை போதவில்லை. வருகிற சனிக்கிழமையும் போவேன். அதற்கடுத்த சனிக்கிழமையும் போவேன். யாரும் என்னை வா என்று சொல்லாவிட்டாலும், தண்ணீர்கூடக் கொடுக்காவிட்டாலும், அவன் கை நிதானத்துக்கு வரும்வரை அந்தக் கட்டில் பக்கத்தில் நிற்பேன். அண்ணி என்னை மன்னிக்க வேண்டாம். நானும் அவரை இன்னும் மன்னிக்கவில்லை. அதற்கெல்லாம் காத்திருந்தால் அந்த மனுஷருக்குச் சாப்பாட்டு வேளை தாண்டிவிடும்.

உங்கள் மகளாகப் பிறக்காத, உங்கள் மருமகள்
சுமதி
ஓசூர்